லிம்போசைட் சொல்லும் சேதி

(சங்கரன்கோவிலில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் உள்ள ஒரே ஒரு வரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ரிப்போர்ட் பார்ப்பது இந்த வட்டாரத்து மக்களுக்குப் புதிதில்லை. 2012ஆம் ஆண்டு கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு பரவியதை இங்கே இருக்கிற பெரியவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தென்காசி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. பழைய திருநெல்வேலி மாவட்டம்தான். அந்த ஒரு வருஷத்தில் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு உறுதியானது, 66 பேர் இறந்தார்கள். அதில் கடுமையாக அடிபட்ட பகுதி நம்முடையது. ஆளைப் பார்த்தால் "காய்ச்சல் எப்படி இருக்கு?" என்று கேட்பதற்குப் பதிலாக "பிளேட்லெட் எவ்வளவு?" என்று கேட்கும் பழக்கம் அப்போதுதான் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட ஒன்றரை லட்சம், எண்பதாயிரம், இருபதாயிரம் என்று கணக்குச் சொன்னார்கள்.

அந்தக் கேள்வி பல உயிர்களைக் காப்பாற்றியது. பல பேரைத் திசைதிருப்பியும் விட்டது. டெங்குவில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறுவதுதான். காய்ச்சல் விட்ட மறுநாள், பிள்ளை தேறிவிட்டது என்று வீட்டார் மூச்சு விடுகிற நேரத்தில், கை கால் ஜில்லிட்டுப் போகும், வயிறு வலிக்கும், சிறுநீர் குறையும். பிளேட்லெட் ஐம்பதாயிரமா நாற்பதாயிரமா என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டார்கள். எண் பொய் சொல்லவில்லை. அதனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று நாம் தெரிந்துகொள்ளவில்லை.

நான் சொல்லப்போகிற லிம்போசைட் விஷயத்திலும் இதே கதைதான் நடக்கும் என்று எனக்குப் பயம். அதனால்தான் முதலிலேயே டெங்குவைச் சொன்னேன்.

சி.பி.சி. என்று எழுதிக் கொடுக்கிறார்களே, அந்தப் பரிசோதனைத் தாளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஹீமோகுளோபின் இருக்கும். அதற்குக் கீழே டோட்டல் கவுண்ட், அதாவது மொத்த வெள்ளை அணுக்கள். பெரியவர்களுக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இருக்கலாம். அதற்கும் கீழே டிஃபரன்ஷியல் கவுண்ட்: அந்த வெள்ளை அணுக்களில் எந்த வகை எத்தனை சதவீதம் என்கிற பிரிப்பு. நியூட்ரோபில் நூற்றுக்கு 40 முதல் 75, லிம்போசைட் 20 முதல் 40, மிச்சம் மோனோசைட், இயோசினோபில், பேசோபில்.

இரண்டு பேரை வைத்துப் பார்ப்போம். இரண்டு பேருக்குமே காய்ச்சல், இருமல், ஐந்தாம் நாள். முதல் ஆளுக்கு டோட்டல் கவுண்ட் 5,000; நியூட்ரோபில் 60, லிம்போசைட் 32. இரண்டாவது ஆளுக்கு டோட்டல் கவுண்ட் 4,800. நியூட்ரோபில் 82, லிம்போசைட் 12. மேல்வரியை மட்டும் பார்க்கிறவர் இரண்டும் நார்மல் என்று சொல்லிவிடுவார். கீழே இறங்கிக் கணக்குப் போடுங்கள். ஐயாயிரத்தில் 32 சதவீதம் என்றால் 1,600 லிம்போசைட். 4,800இல் 12 சதவீதம் என்றால் 576தான். பெரியவர்களுக்குக் குறைந்தது ஆயிரமாவது இருக்க வேண்டும். இன்னொரு கணக்கும் உண்டு: நியூட்ரோபிலை லிம்போசைட்டால் வகுப்பது. இதை என்.எல்.ஆர். என்பார்கள். முதல் ஆளுக்கு 60ஐ 32ஆல் வகுத்தால் இரண்டுக்கும் கீழே. இரண்டாவது ஆளுக்கு 82ஐ 12ஆல் வகுத்தால் 7ஐ நெருங்குகிறது. இந்த இரண்டாவது ஆளை வீட்டில் தனியாகப் படுக்கவைக்கக் கூடாது. தெரிந்துகொள்ள ஐந்தாம் வகுப்புக் கணக்குப் போதும்.

இந்த லிம்போசைட் என்பது யார்? கண்ணாடித் தகட்டில் ஒரு துளி ரத்தத்தை மெல்லிசாக இழுத்து, லீஷ்மன் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணுக்கள் இளஞ்சிவப்பாகத் தட்டுத் தட்டாக நெருங்கிக் கிடக்கும். நடுநடுவே நியூட்ரோபில் தெரியும்; அதன் உட்கரு மூன்று நான்கு துண்டாகப் பிரிந்து மெல்லிய இழையால் கோத்தது மாதிரி இருக்கும். லிம்போசைட் அப்படி இல்லை. சிவப்பணுவைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. கருநீலத்தில் ஒரே உருண்டை உட்கரு, அதைச் சுற்றி வெளிர்நீலத்தில் ஒரு மெல்லிய விளிம்பு. பார்த்தால் எந்த வேலையும் செய்யாத அணு மாதிரிதான் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பால் எர்லிக் சாயம் ஏற்றி அணுக்களை வகை பிரித்த பிறகும், அரை நூற்றாண்டுக்கு மேல் இது எதற்காக இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ரத்தத்துக்கும் நிணநீருக்கும் இடையே இது சுற்றிச் சுற்றி வருகிறது, எதிர்ப்பாற்றலின் நினைவே இதனிடம்தான் இருக்கிறது என்று ஆக்ஸ்ஃபோர்டில் ஜேம்ஸ் கவன்ஸ் காட்டினார். இது 1950களின் கடைசியிலும் 60களிலும். பிறகுதான் டி அணு, பி அணு என்ற பிரிவெல்லாம் வந்தது. பி அணு எதிர்ப்பொருள் தயாரிக்கும். டி அணுக்களில் ஒரு வகை வைரஸ் புகுந்த அணுவையே கொன்றுபோடும். இன்னொரு வகை மற்றவர்களுக்கு உத்தரவு கொடுக்கும்.

அந்த உத்தரவு கொடுக்கும் வகைக்குத்தான் சிடி4 என்று பெயர். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகவே தெரியும். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று 1986இல் முதன்முதலாகக் கண்டுபிடித்தது சென்னையில்தான்: மதராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். 2004 ஏப்ரலில் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியபோது தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. சிடி4 இருநூறுக்குக் கீழே போனால் மருந்து என்று அப்போது விதி. ஒரு வகை லிம்போசைட்டின் எண்ணிக்கையை வைத்து ஒரு மனிதர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று சொல்லும் முறையை இந்த மாநிலத்து நர்சுகளும் ஆலோசகர்களும் நோயாளிகளும் அன்றாட வேலையாகவே பழகிவிட்டார்கள். எச்.ஐ.வி.யில் அந்தச் சரிவு வருஷக் கணக்கில் நடக்கும். நுரையீரலைத் தாக்கும் வைரஸ்களில் நாட்கணக்கில் நடந்துவிடுகிறது.

ஏன் குறைகிறது என்று கேட்பீர்கள். வைரஸைக் கொல்ல வேண்டிய அணு நோய் வந்தவுடன் பெருக வேண்டும் அல்லவா? நம் ஊர் ஆடித்தபசுத் திருவிழா அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் நின்று போலீஸ்காரர்களை எண்ணினால் கொஞ்சப் பேர்தான் இருப்பார்கள். எல்லோரும் ரத வீதிக்குப் போயிருப்பார்கள். நாம் ஊசி போட்டு எடுக்கிற ரத்தம் பஸ் ஸ்டாண்டு மாதிரி. லிம்போசைட்டுகள் நுரையீரலுக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் போய்விட்டதால் கையில் எடுத்த ரத்தத்தில் குறைவாகத் தெரிகிறது. சாதாரண ஃப்ளூவில் முதல் இரண்டு மூன்று நாள் நடப்பது பெரும்பாலும் இதுதான். அப்புறம் தானாக ஏறிவிடும். கடுமையான நோயில் இன்னும் இரண்டு காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன. ஒன்று, ரத்தத்தில் ஐ.எல்.6, டி.என்.எஃப். போன்ற அழற்சிப் பொருள்கள் பெருகி, லிம்போசைட்டுகள் தாமே செத்துப்போகின்றன. இரண்டாவது, உடம்பு நெருக்கடியில் இருக்கும்போது நம் அட்ரினல் சுரப்பியே கார்ட்டிசாலைக் கொட்டுகிறது; அதுவும் லிம்போசைட்டைக் குறைத்து நியூட்ரோபிலை ஏற்றும். வூஹானில் 522 கொரோனா நோயாளிகளின் டி அணுக்களை எண்ணிய ஆய்வில், ஐ.எல்.6 எவ்வளவு ஏறியிருந்ததோ அவ்வளவுக்கு டி அணு இறங்கியிருந்தது. குணமானவர்களிடம் மறுபடி ஏறியது.

லிம்போசைட் குறைவது கொரோனாவோடு வந்த புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 2003இல் ஹாங்காங்கில் சார்ஸ் வந்தபோது ஒரு மருத்துவமனையில் 157 பேரைப் பார்த்தார்கள். அதில் 153 பேருக்கு லிம்போசைட் குறைந்திருந்தது. பன்றிக்காய்ச்சல் என்று நாம் சொன்ன எச்1என்1இலும், பறவைக்காய்ச்சலிலும் இதையே பார்த்தார்கள்.

2020 தொடக்கத்தில் சீனாவிலிருந்து 1,099 கொரோனா நோயாளிகளின் விவரம் வெளியானது. ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றைக்கே 83 சதவீதம் பேருக்கு லிம்போசைட் 1,500க்குக் கீழே. இதைப் படித்தவுடன், ஆகா, ஒரு அளவுகோல் கிடைத்துவிட்டது என்று தோன்றும். அதே அட்டவணையை இன்னும் ஒரு வரி கீழே படிக்க வேண்டும். நோய் கடுமையானவர்களில் 96 சதவீதம் பேருக்குக் குறைவு. கடுமையாகாதவர்களிலும் 80 சதவீதம் பேருக்குக் குறைவு. ஆக, 1,500 என்ற கோட்டுக்குக் கீழே வந்துவிட்டார் என்பதை மட்டும் வைத்து இவர் பிழைப்பாரா மாட்டாரா என்று எதுவுமே சொல்ல முடியாது. கோட்டை ஆயிரத்துக்கு இறக்கினால் கொஞ்சம் பிரிகிறது: வூஹானின் முதல் 41 நோயாளிகளில் தீவிர சிகிச்சைக்குப் போனவர்களில் 85 சதவீதம், போகாதவர்களில் 54 சதவீதம். பெய்ஜிங்கில் 61 பேரை வைத்து, வயது ஐம்பதுக்கு மேல், என்.எல்.ஆர். 3.13க்கு மேல் என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, அப்படிப்பட்டவர்களில் பாதிப்பேர் கடுமையான கட்டத்துக்குப் போனார்கள். 61 என்பது சின்ன எண்ணிக்கை. அந்த 3.13ஐக் கல்வெட்டு மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள். வயதையும் விகிதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இவற்றில் முக்கியமாகப் படுவது இன்னொரு வூஹான் ஆய்வு. அவர்கள் ஒரு நாள் எண்ணைப் பார்க்காமல், நோய் தொடங்கியதிலிருந்து நாள் எண்ணிக்கொண்டு பார்த்தார்கள். பத்து முதல் பன்னிரண்டாம் நாளுக்குள் லிம்போசைட் 20 சதவீதத்துக்கு மேலே இருந்தால் பெரும்பாலும் தேறுவார். கீழே இருந்தால் கடுமையாகலாம். பதினேழு முதல் பத்தொன்பதாம் நாளில் மறுபடி பார்க்க வேண்டும். 20க்கு மேலே ஏறிவிட்டால் நல்லது, ஐந்துக்கும் கீழே போயிருந்தால் உயிருக்கு ஆபத்து. ஒருவருக்கு இன்று 14 என்றால் அதற்கு அர்த்தம் நேற்று என்ன இருந்தது என்பதில்தான் இருக்கிறது. நேற்று 22 இருந்து இன்று 14 ஆனவர் இறங்குகிறார். நேற்று 9 இருந்து இன்று 14 ஆனவர் கரையேறுகிறார். தாளில் இரண்டு பேருக்கும் ஒரே எண்.

இதையெல்லாம் சங்கரன்கோவிலில் நின்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரிய ஐ.சி.யு. வேண்டும் என்றால் நமக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிதான். ஆம்புலன்ஸில் போனாலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. படுக்கை தேடும் நேரம் தனி. சென்னையில் அண்ணா நகரில் இருப்பவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு கிளம்பினாலும் போய்ச் சேர்ந்துவிடலாம். நமக்கு ஒரு நாள் முன்னாலேயே தெரிய வேண்டும். லிம்போசைட் அந்த ஒரு நாளைத் தரக்கூடிய வரி. அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் பார்க்கிறார்கள், வெளியே சில நூறு ரூபாய். விசைத்தறிக்கூடத்தில் வேலை செய்கிறவருக்கும், பீடி சுற்றுகிற வீட்டுக்கும் எட்டக்கூடிய செலவு.

2021 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரத்துக்கு மேல் பாசிட்டிவ் வந்த மாதம். சென்னை கீழ்ப்பாக்கத்தில் ரெம்டெசிவிர் மருந்து வாங்க ராத்திரி பகலாக ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். இங்கே என்ன செய்தோம்? காய்ச்சல் வந்த மறுநாளே நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன். 25க்கு எத்தனை மார்க் என்று பரீட்சை ரிசல்ட் மாதிரி போனில் சொல்லிக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கில் செலவு, அடகு வைத்தவர்கள் உண்டு. அந்த மே மாதத்தின் ஆரம்பத்திலேயே எய்ம்ஸ் இயக்குநர் ரன்தீப் குலேரியா எச்சரித்தார்: லேசான நோய்க்கு சி.டி. வேண்டாம், அதோடு இந்த ரத்தக் குறியீடுகளையும் தேவையில்லாமல் பார்க்காதீர்கள், பார்த்துவிட்டுப் பயந்து தேவையில்லாத மருந்துக்குப் போகாதீர்கள் என்று. நான் லிம்போசைட்டைப் பாருங்கள் என்கிறேன், அவர் பார்க்காதீர்கள் என்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல உடம்புக்காரருக்கு, ஆக்சிஜன் 97, சாப்பிடுகிறார், நடக்கிறார் என்றால் ஒரு பரிசோதனையும் வேண்டாம். நான் சொல்வது அறுபது தாண்டியவருக்கு, சர்க்கரை உள்ளவருக்கு, பஞ்சுத் தூசியிலோ புகையிலைத் தூளிலோ ஏற்கெனவே நெஞ்சு கெட்டுப்போனவருக்கு, நான்கைந்து நாளாகியும் காய்ச்சல் விடாதவருக்கு. இவர்களுக்குப் பாருங்கள், குறைந்திருந்தால் இரண்டு நாள் கழித்து அதே லேபில் திரும்பப் பாருங்கள், இதற்கிடையில் ஆக்சிமீட்டரை அடிக்கடி விரலில் மாட்டுங்கள். ஆக்சிஜன் 94க்குக் கீழே போனால், அல்லது நிமிஷத்துக்கு 24 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால், லிம்போசைட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கிளம்பிவிட வேண்டும். மூச்சு சொல்வதை மீறி ரத்தம் சொல்வதைக் கேட்கக்கூடாது.

இந்த விஷயத்தில் மனசை அறுக்கிற ஒரு பகுதி இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட முடியாது. ஸ்டீராய்டு.

2020 ஜூன் 16ஆம் தேதி இங்கிலாந்தின் ரிகவரி ஆய்வு முடிவு வந்தது. டெக்ஸாமெத்தசோன், தினம் 6 மில்லிகிராம். வெண்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளைக்குள் இறந்தவர்கள் 41 சதவீதத்திலிருந்து 29 ஆகக் குறைந்தார்கள். ஆக்சிஜன் மட்டும் வைத்திருந்தவர்களுக்கும் பலன் இருந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. கெடுதலாக இருக்கலாம் என்பதற்கான அறிகுறிதான் தெரிந்தது. மாத்திரை சில ரூபாய். கடையில் கேட்டால் கிடைத்தது. இரண்டாம் நாளே, மூன்றாம் நாளே போட்டுக்கொண்டார்கள். காய்ச்சல் உடனே அடங்கும், பசி எடுக்கும், ஆள் தெம்பாகத் தெரிவார். உள்ளே வைரஸ் பெருகும். சர்க்கரை 400, 500 என்று ஏறும். கருப்புப் பூஞ்சை வந்து கண்ணை இழந்தவர்கள் எத்தனை பேர்.

இதற்கும் லிம்போசைட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஸ்டீராய்டு போட்ட சில மணி நேரத்தில் நியூட்ரோபில் ஏறும், லிம்போசைட் இறங்கும். அப்படிப்பட்டவர் ரத்தம் கொடுத்தால், நான் முன்னே சொன்ன 82, 12 என்ற கணக்கே வரும். அது நோயின் கடுமையா, மாத்திரையின் வேலையா என்று தாளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. தெரியாமல் பார்க்கும் டாக்டர், நோய் முற்றிவிட்டது என்று நினைத்து இன்னும் ஸ்டீராய்டு எழுதினால் என்ன ஆகும்? அம்மா, அய்யா, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்: கடையில் வாங்கிப் போட்ட மாத்திரையை டாக்டரிடம் மறைக்காதீர்கள். பெயர் தெரியாவிட்டால் அட்டையைக் கொண்டுபோங்கள். ஆஸ்துமாவுக்கு, மூட்டுவலிக்கு என்று வருஷக்கணக்கில் சாப்பிடுவதையும் சொல்லுங்கள்.

வேறு காரணங்களாலும் லிம்போசைட் குறையும். காசநோய், எச்.ஐ.வி., புற்றுநோய் மருந்து, சரியான சாப்பாடில்லாத முதுமை. பாக்டீரியா நிமோனியாவிலும், அப்பெண்டிக்ஸிலும், ஆபரேஷன் முடிந்த மறுநாளும் என்.எல்.ஆர். ஏறும். சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. நான்கைந்து வயது வரைக்கும் நியூட்ரோபிலைவிட லிம்போசைட் அதிகமாக இருப்பதுதான் இயல்பு. 2025 ஜனவரியில் எச்.எம்.பி.வி. என்று சென்னையிலும் சேலத்திலும் இரண்டு பேருக்கு உறுதியானபோது எல்லா வீட்டிலும் பிள்ளைகளைப் பற்றிய கவலை வந்தது. குழந்தைக்கு மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவே குழி விழுகிறதா, பால் குடிக்க முடிகிறதா, இதைப் பாருங்கள். பெரியவர்களுக்கான எண்ணை அவர்கள்மேல் வைத்துப் பயப்பட வேண்டாம்.

எண்ணுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மெஷின் ஆயிரக்கணக்கில் அணுக்களை எண்ணுகிறது. கையால் எண்ணும் லேபில் நூறு அணுவை எண்ணிச் சதவீதம் போடுவார்கள். உண்மையில் 20 இருக்கும் ரத்தத்தில் நூறு மட்டும் எண்ணினால், எண்ணுபவர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும், 12லிருந்து 28 வரை எதுவும் வரலாம். அது நிகழ்தகவின் இயல்பு, அவருடைய தவறில்லை. அதனால் 20 இருந்தது 17 ஆகிவிட்டதே என்று ராத்திரி தூங்காமல் இருக்காதீர்கள். பாதியாகக் குறைந்தால் அது செய்தி. அதனால்தான் இரண்டாம் தடவையும் அதே லேபில் பாருங்கள் என்று சொன்னேன்.

லேப் நடத்துகிற தம்பிகள் இரண்டு மூன்று பேர் இங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சதவீதத்தை மட்டும் அடித்துக் கொடுக்காமல், மொத்த எண்ணிக்கையையும் பக்கத்தில் அடித்துக் கொடுங்கள். 12 என்ற எண் யாரையும் உலுக்காது. 576 என்று கண்ணில் பட்டால் அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கும் டாக்டரின் கை ஒரு நொடி நிற்கும்.

மற்ற எல்லோரிடமும் கேட்பது, பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள் என்பதுதான். சர்க்கரைக்குப் பார்த்தது, ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்தது, பிரசவத்துக்கு எடுத்தது, எதுவாக இருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள். நல்லபடியாக இருக்கும்போது ஒருவருக்கு 2,600 லிம்போசைட் இருக்கும், இன்னொருவருக்கு 1,300தான் இருக்கும், இரண்டுமே ஆரோக்கியம். காய்ச்சலில் இருவருக்கும் 1,200 வந்தால் ரிப்போர்ட் இருவருக்கும் நார்மல் என்றே அடிக்கும். முதல் ஆளுக்குப் பாதிக்கு மேல் போய்விட்டது என்பதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி, உங்கள் பீரோவில் கிடக்கிற அந்தப் பழைய தாள். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அதையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.